குறையில்லாத மனு

"போட்டோல கூரையோட நாலு மூலையும் தெரியலையேம்மா. மறுபடி எடுத்துட்டு வாங்க."

சோலார் மானியப் பிரிவு கிளார்க் மனுவைத் திருப்பித் தள்ளினார்.

தையல்காரம்மாவுக்கு இது ஆறாவது நடை. போன தடவை, வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லையாம். அதற்கு முந்தின தடவை, கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டதாம்.

வீட்டில் மூன்று மின்சாரத் தையல் மெஷின்கள். மத்தியானம் போகிற கரண்ட் பொழுது சாயும்போதுதான் வரும். சொன்ன தேதிக்குத் துணி கொடுக்க முடியாமல் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மானியத்தை நம்பி, கார்மென்ட்ஸ் கம்பெனியில் கூப்பிட்டுக் கொடுத்த வேலையையும் வேண்டாம் என்றுவிட்டாள்.

'ஏதாவது கொடுக்காம அந்த ஆள் நகரமாட்டான்' என்று புருஷன் சொல்லியிருந்தான். பணம் வைத்த கவரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

கிளார்க் தொடவில்லை. "இதை உள்ள வைங்கம்மா. போட்டோ மட்டும் போதும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மாடியேறி அதிகாரியின் அறைக்குள் நுழைந்து மனுவை நீட்டினாள்.

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "அந்த மானியத்தை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சேம்மா. கீழ சொல்லலையா?"

படியிறங்கி நேராகக் கிளார்க்கின் மேஜைக்கு வந்தாள்.

"எட்டு மாசமா என்னை அலையவிட்டீங்களே சார். நீங்கள்லாம் மனுஷன்தானா?"

கிளார்க் பேனாவை மூடினார்.

"போன வருஷம் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் வந்தார். நிறுத்திட்டாங்க, இனி கிடைக்காதுன்னு நேராவே சொல்லிட்டேன். சரிங்க சார்னு கும்பிட்டுட்டுப் போனார்."

"அதுக்கு?"

"வீடு போய்ச் சேரலைம்மா. மறுநாள் கிணத்துல மிதந்தார்."

கிளார்க் அவள் கையிலிருந்த மனுவைக் காட்டினார்.

"குறை சொல்லி அனுப்பினா, திட்டிக்கிட்டே போறாங்க. ஆனா திரும்பி வர்றாங்க."

"நான் கிடைச்ச வேலையை விட்டுட்டு உட்கார்ந்திருக்கேனே சார்."



அப்போதுதான் உள்ளே வந்து அவளுக்குப் பின்னால் நின்றார் ஒரு மாவு மில்காரர். புருவத்திலும் சட்டையிலும் மாவு. மனுவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"ஏன்மா, இங்க வந்தா சோலார் மானியம் கிடைச்சிடும்னாங்க. நம்பலாமா? இதுவும் இல்லேன்னா எனக்கு வேற போக்கிடம் இல்லம்மா."

அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார்.

"கிடைக்கும்ணே," என்றாள் தையல்காரம்மா. "கொஞ்சம் நாளாகும்."