சார்ஜரில் நிற்கும் வெள்ளைக் கார்

நெல்லியடியில் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரேயொரு சார்ஜரை யாரோ ஒருவரின் வெள்ளைக் கார் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்குச் சார்ஜ் நிறைந்து எவ்வளவு நேரமோ, பச்சை விளக்கு இமைக்காமல் எரிகிறது. கஜீவன் வயரை இழுத்துப் பார்க்கிறான். காரின் சொந்தக்காரர் வந்து பூட்டைத் திறக்காமல் அது கழலாது. பக்கத்தில் நிற்கும் அவனுடைய காரின் பற்றறியில் நான்கு வீதம்தான் மிச்சம். அளவெட்டியில் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. வழியில் ஏற்றலாம் என்று நம்பி வெளிக்கிட்டது பிழையாகிவிட்டது. பின்சீற்றில் அவனுடைய தவில் உறைக்குள் கிடக்கிறது. முன்சீற்றில் மாமன் பஞ்சலிங்கம் நாதஸ்வரத்தை மடியில் கிடத்தி, சீவாளியை உதட்டில் வைத்து வைத்து எடுக்கிறார். “நேரம் போகுது மருமோன்.” முகூர்த்த நாள் என்பதால் சந்தியில் ஒரு ஓட்டோவும் இல்லை. பருத்தித்துறைக் கலியாண வீட்டுக்காரரின் அழைப்பில் கஜீவன் இடுப்பில் செருகிய போன் அதிர்கிறது. எடுத்து என்னத்தைச் சொல்வது? காலை வெயில் வெள்ளைக் காரின் கண்ணாடியில் பட்டு அவன் முகத்தில் அடிக்கிறது. கடைக் காவலாளி தன் போனைத் துடைத்தபடி வருகிறார்.

“கார்க்காரரோடை கதைச்சிட்டன், தம்பி.”

“வாறாரே?”

“ஓம், ஓம், வருவார். ஆள் ஆரோடையோ வானிலை போய், பருத்தித்துறையிலை ஒரு கலியாணத்திலை நிக்கிறார். மேளம் இன்னும் வந்து சேரேல்லையாம், அதாலை தாலி கட்டச் சுணங்குதாம். கட்டி முடிய, சாப்பிட்டிட்டு உடனை வாறாராம்.”

பஞ்சலிங்கத்தின் உதட்டில் சீவாளி அப்படியே நிற்கிறது. கஜீவனின் இடுப்பில் போன் மறுபடி அதிர்கிறது.