வெட்டா, துளையா?

ஃபிஜியில் துப்பாக்கியோடு ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அந்த இரண்டாயிரமாவது வருஷத்தில் நம்ம சவேனி ஊரில் பாதி வீடு காலி, கண்ணுகளா. ஜான்கிக்கும் நியூசிலாந்தில், ஆக்லாந்திலிருக்கும் மகளிடம் போய்விட ஆசை. "கரும்பை விட்டு வரமாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தார் புருஷன் வீராசாமி.

அந்த நேரம் பார்த்து அவர் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியது. ஆக்லாந்திலிருந்து லவுட்டோகா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து டாக்டர், "ஆக்லாந்தில் ஆபரேஷன் செய்துவிடலாம்" என்றார்.

"வயித்தை நல்லா நீளமா வெட்டுவீங்கதானே?" என்று கேட்டாள் ஜான்கி.

"வேண்டாம் அம்மா. தொடை இடுக்கில் இரண்டு சின்னத் துளை. அது வழியாக ஒரு வலைக்குழாயை நுழைத்து, வீங்கின இடத்தில் நிறுத்திவிடுவோம். சீக்கிரமே எழுந்து நடக்கலாம்."

"அப்போ கரும்பு வெட்டறதுக்குள்ள திரும்பிடலாம்!" வீராசாமி சிரித்தார்.

ஜான்கிக்கு அழுகையே வந்துவிட்டது. "வெட்டினா, ஆறுற வரைக்கும் மூணு மாசம் மககிட்ட இருப்போம், இவர் மனசை மாத்திடலாம்னு பார்த்தேன். நல்லா வெட்டுங்க டாக்டர், பாவம் பார்க்காதீங்க!"

"அடிப்பாவி, நான் என்ன பலாப்பழமா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "துளையில் ஒரே ஒரு தொல்லை. குழாய் நகருதா, கசியுதா என்று ஆயுசு முழுக்க நாங்கள் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ஆக்லாந்திலேயே தங்கிவிட்டால் நல்லது. வெட்டித் தைத்தால் அவ்வளவு தொல்லை இல்லை."

ஜான்கி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "துளையே போதும் டாக்டர். இவருக்கு வலி தாங்காது."

வீராசாமி சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே மேசைமேல் ஏறிப் படுத்தார்.

"வெட்டுங்க டாக்டர்! இங்கேயே, இப்பவே!"