தெருமுனையில் நிற்காத வேன்

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஸ்கூல் வேன் இப்பல்லாம் நம்ம தெருமுனையில நிக்கிறதே இல்லையே?" பக்கத்து வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். "நாமதான் முதல் நிறுத்தம். ஆனா உங்க பொண்ணைக் கடைசியா, தனியாக் கொண்டுவந்து இறக்குறார் அந்த டிரைவர். காலம் கெட்டுக் கிடக்கு. விசாரிச்சு வைங்க."

அம்மா அன்றே மகளைப் பிடித்து உட்கார வைத்து, ஏன் கடைசியாக இறங்குகிறாள் என்று கேட்டாள்.

"சு... சுத்திட்டு வந்தா ஜா... ஜாலியா இருக்கும்மா."

மகளுக்கு எப்போதுமே பேச்சு திக்கும். ஆனால் பொய் சொல்லும்போதுதான் கண் தரையைப் பார்க்கும். இப்போது தரையைத்தான் பார்த்தது.

மறுநாள் அம்மா நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கே போனாள். வேனில் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நானும் வரேன். ஜாலியா இருக்குமாமே?"

டிரைவர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

தெருமுனை வந்தது. மகள் சட்டென்று குனிந்து சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

"என்னடி இது?"

முனையில் பெரிய வகுப்புப் பையன்கள் மூன்று பேர். சைக்கிள் மேல் சாய்ந்திருந்தவன் வேனைப் படாரென்று தட்டினான்.

"தி... தி... திக்குவாய் இன்னைக்கும் இ... இ... இறங்கலையா?"

மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேன் நிற்காமல் கடந்தது.

"போன வாரம் இங்கதான் இறக்கிவிட்டேன்மா. அந்த சைக்கிள்காரன் இவ பையைப் பிடுங்கித் தேங்கின மழைத்தண்ணியில வீசிட்டான்," என்றார் டிரைவர். "மத்த பிள்ளைகளை இறக்கிட்டு வர்றதுக்குள்ள கலைஞ்சு போயிடுவானுங்க. அதான் இந்தச் சுத்து."

அம்மாவுக்கு போன வாரம் மகள் கொண்டுவந்த நனைந்த புத்தகங்கள் ஞாபகம் வந்தன. தண்ணீர் பாட்டிலை ஒழுங்காக மூடவில்லை என்று மகளைத்தான் திட்டியிருந்தாள்.

"நீங்களாவது அவனை அதட்டக் கூடாதா?"

"அதட்டியாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு. அடங்க மாட்டேங்கிறான்."

"நிறுத்துங்க வண்டியை! அந்த சைக்கிள்காரனோட அப்பன் யாருன்னு காட்டுங்க. பிள்ளை வளர்த்த லட்சணத்தை நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்!"

டிரைவர் வேனை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார்.

"கேளுங்கம்மா," என்றார், திரும்பிப் பார்க்காமலே. "நான்தான்."