வீணை வித்வானின் ஆனந்தக் கண்ணீர்

பக்கவாதத்தில் பேச்சிழந்த வீணை வித்வானின் கட்டிலருகே, அவருடைய அலமாரியில் கிடைத்த ஒலிப்பதிவை மகன் தினமும் காலையில் ஓடவிடுவான். வீணை ஒலித்ததுமே அவர் கண்களில் நீர் வழியும்.

"பாருங்க, தன்னோட வாசிப்பைக் கேட்டு எப்படிப் பூரிச்சுப் போறாரு!" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மருமகள் சொல்வாள்.

ஐந்தாம் மாதம் அவருக்கு நாக்கு லேசாகப் புரண்டது. குடும்பமே கட்டிலைச் சூழ்ந்துகொண்டது.

"அதை நிறுத்து" என்றார் குழறலாக.

"ஏம்ப்பா? உங்க கச்சேரிதானே?"

"நான் இல்லடா. என் மேடையெல்லாம் தட்டிப் பறிச்சானே, அவன் வாசிச்சது."

"விடுங்கப்பா, எங்களுக்கு யார் வாசிச்சாலும் ஒண்ணுதான்" என்ற மகன், ஒலியை மட்டும் சற்றே குறைத்தான்.