இருபத்தொரு தலை

எங்கள் தோட்டத்து மீட்புப் படகுக் கொட்டிலில் ஒரே ஒரு சட்டம் எழுதியிருக்கிறது: பேர் கூப்பிடக்கூடாது, தலையைத் தொட்டு எண்ண வேண்டும்.

2003 வெள்ளத்தில் பேர்தான் கூப்பிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, பிந்தி வரும் கூட்டாளிக்காகக் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். அதே பழக்கத்தில் விஜயகலாவுக்காக நான் "இருக்கேங்க" என்றுவிட்டேன். எல்லோரும் வந்தாயிற்று என்று படகை நிறுத்தினார்கள். அவள் கீழ் லயத்து வரிசை வீடுகளின் கூரையில் இருந்தாள். சற்று நேரத்தில் கூரையே இல்லை.

இந்த வருஷம் களுகங்கை ஆறு மறுபடியும் கீழ் லயத்துக்குள் வந்தது. அங்கே இருப்பது இருபத்தொரு பேர். எல்லோரையும் மேட்டுக் கோயிலில் சேர்த்துத் தலைகளைத் தொட்டு எண்ணினேன். இருபத்தொன்று. படகோட்டி ஹில்டா படகைக் கயிற்றால் கட்டிப்போட்டாள்.

அப்போதுதான் லயத்துக் கூரையில் அந்த இருபத்தொரு பேரில் ஒருவரான காத்தமுத்து நின்று துண்டை ஆட்டுவது தெரிந்தது.

ஹில்டா விரைந்து போய் அவரை ஏற்றிக்கொண்டாள். படகு திரும்பும்போதே கூரை சரிந்தது. மறுபடி எண்ணினேன். அவரையும் சேர்த்து இருபத்தொன்று.

"மொதல்ல யார சேத்து எண்ணுனீங்கக்கா?" ஹில்டா கேட்டாள்.

தெரியாது என்றேன்.

தொடும்போது யாரும் பேசத் தேவையில்லை. முதல்முறை எண்ணியபோது கடைசித் தலை மட்டும் "இருக்கேங்க" என்றது.

என் குரலில்.