அணைக்காத பல்பு

பெட்டிக்குள் வெளிச்சம் பளிச்சென்று இருந்தது.

உள்ளே நுழைந்ததுமே அவள் அதைத்தான் பார்த்தாள். நேற்று அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது அதில் எரிந்தது மஞ்சள் பல்பு. இப்போது எரிவது வெள்ளை.

கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் குனிந்தாள்.

ஏழு கோழிக்குஞ்சுகளும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மேலே இருந்ததைத் தொட்டாள். விறைத்திருந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

ஐந்தை எடுத்து வெளியே வைத்தாள். அடியில் இரண்டு மட்டும் லேசாக அசைந்தன.

கோத்தகிரியில் தை மாதம். வாசலில் புல்லெல்லாம் உறைபனி.

அவள் கணவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கம்பளி, தலையில் குரங்குக் குல்லா.

"நீ சொன்ன மாதிரி பல்பை அணைக்கவே இல்ல. பழசு அழுது வடிஞ்சுதா, பாவம் இருட்டுல கெடக்குதுங்களேன்னு புதுசா எல்இடி மாட்டிவிட்டேன்."

பெரிய கருணை.

மார்கழியிலும் இதே கருணைதான். தன் தங்கை புருஷன் வருகிறான், நாட்டுக்கோழி இல்லாமல் எப்படி என்று, அடையில் இருந்த செவலைக் கோழியைத் தூக்கி அறுத்தான். முட்டை பத்திரமாத்தானே இருக்கு என்றான். வந்தவன் தின்றுவிட்டு, கறியே இல்லையே என்று குறை வேறு சொன்னான். பத்து நாள் இரை மறந்து உட்கார்ந்திருந்த கோழியில் கறி எங்கிருந்து வரும்?

அந்த முட்டைகளை அவள்தான் அட்டைப்பெட்டியில் உமி பரப்பி வைத்தாள். பக்கம் தெரிய ஒவ்வொன்றிலும் கரியால் புள்ளி வைத்து, வேளை தவறாமல் திருப்பிவிட்டாள். குண்டு பல்புக்காகக் கடைகடையாக ஏறி இறங்கினாள். இப்ப யாரும்மா அதை வாங்குறா என்று சிரித்தார்கள். சூடு தருவது அதுதான் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் பொரிந்தவைதான் இந்த ஏழும்.

இவனுக்கு வெளிச்சம்தான் தெரியும்.

"பழசு எங்க?"

"தூக்கிப் போட்டேன். உடைஞ்சிருச்சு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்துப் பல்புக்குக் கீழே நீட்ட வைத்தாள்.

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். பிறகு பல்பைப் பார்த்தான். கையை இழுத்துக்கொள்ள முயன்றான்.

அவள் விடவில்லை.

வெகுநேரம் ஆகியும் கையில் சூடே ஏறவில்லை. அவன் தலை குனிந்தான்.

அவள் அவன் தலையிலிருந்து குல்லாவை உருவினாள். இரண்டு குஞ்சுகளையும் அதற்குள் வைத்துச் சுருட்டி, தன் ஸ்வெட்டருக்குள் மார்போடு செருகிக்கொண்டாள். கட்டிலில் இருந்த இரண்டு கம்பளியையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் காதைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"குளிருதுடி."

அவள் பெட்டியிலிருந்து பல்பை வயரோடு எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.