தெளிய வைக்கும் சர்க்கரை

"துப்பாம முழுங்கு, ராட்கோ!"

'சரி' என்று அந்த ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டினான் ராட்கோ. நெவேனா அந்தப் பக்கம் திரும்பியதும், வாயிலிருந்த இனிப்புப் பாகை ஜன்னலோரப் பூந்தொட்டியில் துப்பிவிட்டான். அதைப் பார்த்துவிட்ட அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ராக்கியா என்ற பழச் சாராயத்தைக் குடித்துக் குடித்துக் கெட்டுப்போன ஈரல். நஞ்சு தலைக்கேறி, ஊர், கிழமை எல்லாம் அவனுக்கு மறந்து போயிருந்தன.

"இந்தச் சர்க்கரை அவருக்கில்லம்மா, அவர் குடல்ல இருக்கற நல்ல கிருமிங்களுக்குச் சாப்பாடு" என்று டாக்டர் விளக்கியிருந்தார். "வயிறு நல்லா போனா நஞ்சும் கூடப் போயிடும். செவ்வாய்க்கிழமைக்குள்ள தலை தெளியலன்னா காப்பகத்துலதான் சேர்க்கணும்."

காப்பகம் என்ற வார்த்தையை நினைத்ததுமே நெவேனா எழுந்தாள். இன்னொரு கரண்டி தேடி மூன்று இழுப்பறைகளைக் குடைந்தாள். "இந்த வீட்டுல எது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்!"

திரும்பி வந்து, டாக்டர் சொல்லிக்கொடுத்த கேள்விகளைக் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"ஈஸ்டர்."

"எந்த ஊர்ல இருக்க?"

"பட்டாள முகாம்ல."

"நான் யாரு?"

"இதென்ன கேள்வி? என் நெவேனா! என் தங்கமான பொண்டாட்டி!"

"தேறலையே" என்று சலித்துக்கொண்டு, அவன் மூக்கைப் பிடித்து இன்னொரு கரண்டி ஊற்றினாள். அன்று முழுக்க அவன் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக ஓடினான். படுக்கை விரிப்பைத் துவைத்துத் துவைத்து அவள் கைதான் ஓய்ந்துபோனது. யாருக்காக இந்தப் பாடு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பாட்டிலை மூடி வைக்க மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. டாக்டர் வரும் நேரம். ராட்கோ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"என்ன கிழமை?"

"செவ்வாய்."

"எந்த ஊரு?"

"பிளோவ்டிவ். அந்தப் பூந்தொட்டியைப் பாரு, எறும்பா மொய்க்குது."

அவள் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரே கேள்விதான்.

"நான் யாரு?"

ராட்கோ அவளை ஏற இறங்கப் பார்த்தான். சட்டென்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"நெவேனா! நமக்கு விவாகரத்தாகி ஒன்பது வருஷமாச்சு, உன்னை யாரு உள்ள விட்டா?"